மூடாமல் கொடுத்த சிடி

எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வந்துவிட்டால், அது வாய் தவறி வந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் அவளுக்கு ‘உஷ்’ மேடம் என்று பெயர். கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர். பதினான்கு வருடமாக அதே உதவியாளர். லேபுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு சிடி ரைட்டர். மாணவர்களின் புராஜெக்ட், ஆசிரியர்களின் பாடம், அலுவலகக் கோப்பு என்று எது சிடியில் ஏற வேண்டுமானாலும் அவளிடம்தான் போய் நிற்க வேண்டும். ரைட்டரில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால், திரும்பிக்கூடப் பார்க்காமல் “உஷ்!” என்பாள். சத்தத்தால் சிடி கெடாது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் பேச வருகிறவன் மேசையில் சாய்வான், சாய்கிறவன் மவுஸை நகர்த்துவான், நகர்த்தினால் கம்ப்யூட்டருக்குக் கவனம் சிதறும் என்பது அவள் கணக்கு. முதல்வருக்கும் அதே உஷ்தான்.

அந்த அறைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருந்தாள். யாரால் ஒரு சிடி பாழானாலும் அதைத் தூக்கிப் போடமாட்டாள். கெடுத்தவர் யார், எப்படிக் கெடுத்தார், என்றைக்கு என்று கறுப்பு மார்க்கரால் அதன் மேலேயே எழுதி ஆணியில் மாட்டிவிடுவாள். ‘துணை முதல்வர். போன் சார்ஜரைச் செருகினார்.’ ‘மின்பிரிவு. ஃபியூஸைப் பிடுங்கினார்.’ நடுவில் ஓட்டை இருப்பதால் ஆணிக்கு வசதியாகவும் இருந்தது. புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு மாணவனும் முதல் நாள் அந்தச் சுவரைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

என் சிடியும் அங்கே தொங்கியது. நான் அச்சறைப் பொறுப்பாளர். பக்கம் அமைப்பது, அச்சடிப்பது, தைப்பது எல்லாம் என் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவசரமாக ஒரு படம் தேவைப்பட்டது. அது அவளுடைய கம்ப்யூட்டரில் இருந்தது. நெட்வொர்க் வழியாக என் நாற்காலியில் இருந்தபடியே இழுத்துக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் கையில் சூடான சிடியோடு படியிறங்கி வந்தாள்.

“தொண்ணூத்திரெண்டு சதவீதம் எழுதியாச்சு! இன்னும் ரெண்டு நிமிஷம் பொறுத்திருந்தா உங்க மிஷின் என்ன, கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கா போயிருக்கும்?”

“நீங்க அங்க எழுதிட்டிருக்கீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

“கேக்கணும். வாய் எதுக்கு இருக்கு?”

மறுநாள் சுவரில் ஏறிவிட்டது: ‘அச்சறை. கேட்கவில்லை.’ பதினோரு வருடம் அது அங்கே தொங்கியது. அவள் அறைக்குப் போகும்போதெல்லாம் சுவரைப் பார்க்காமல் பேசக் கற்றுக்கொண்டேன்.

வீட்டிலும் அவள் அப்படித்தான். ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, அவசரக் கையெழுத்துக்காக என்னை அனுப்பினார்கள். மூன்றாவது மாடி, இரண்டு அறை. கணவர் வேலைக்கென்று வேறு ஊர் போய், அங்கேயே வேறு குடும்பமும் கண்டுவிட்டவர். அவரைப் பெற்ற தாய் மட்டும் இங்கேயே தங்கிவிட்டாள். மாமியாருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மருமகளுக்கு மூடியிருக்க வேண்டும். நான் இருந்த கால் மணி நேரத்தில் அந்த ஜன்னல் ஆறு முறை திறந்து மூடியது.

“மகனே போயாச்சு. நீங்க ஏம்மா இன்னும் இவங்ககூட?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அவ என்னைப் போன்னு சொல்லல, நானும் போகல,” என்றாள் மாமியார். “புதுசா ஒருத்தியைத் தேடிப் பிடிச்சு அவகூட முதல்லேருந்து சண்டையை ஆரம்பிக்க எனக்கு உடம்புல தெம்பில்ல.”

உள்ளே ‘உஷ்’ காய்ச்சலோடு கட்டிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். மடியில் நீள நோட்டு. சிடி எழுதும் தொழிலில் புழங்கும் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் தமிழில் விளக்கம். மாணவர்கள் அந்தச் சொற்களைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு, ரைட்டர் முன்னால் உட்கார்ந்ததும் திருதிருவென்று விழிப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து எழுதத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் பொருள், அடுத்தது அது எப்படிக் கெடும், கடைசியில் ‘எங்கே பார்க்கலாம்’ என்று ஓர் உதாரணம்.

“உதாரணம் எல்லாம் ஆளுங்களா இருக்கே?” என்றேன்.

“பொருள் மறந்துடும். திட்டு மறக்காது,” என்றாள். “கையெழுத்துப் போட்டாச்சில்ல, கிளம்புங்க.”

நான்கு வருடம் எழுதினாள். எண்பத்தாறு சொற்கள். அந்தச் சமயத்தில்தான் பயிற்றுநர் பதவி ஒன்று காலியானது. உதவியாளராக இருப்பவர் ஒரு பாடநூல் எழுதியிருந்தால் நேர்காணலுக்கு அழைக்கலாம் என்று விதி. ‘உஷ்’ நோட்டு முழுவதையும் தட்டச்சு செய்து, ஒரு சிடியில் எழுதி, துறைத்தலைவரிடம் கொடுத்தாள். அவர் பார்த்து ஒப்புதல் தந்தால் நிலையமே அச்சடிக்கும். பதினான்கு வருட உதவியாளர் பெயர்ப்பலகை அந்தச் சிடியோடு மாறிவிடும் என்று நம்பினாள். அவள் எதையாவது நம்பி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

எந்தச் சிடியைக் கொடுத்தாலும் அதன் நிலையை மார்க்கரால் எழுதிக் கொடுப்பது அவள் வழக்கம். ஃபைனலைஸ் செய்தது என்றால் ‘மூடியது’. அதில் இனி ஒரு எழுத்தும் சேர்க்க முடியாது. இன்னும் இடம் விட்டு வைத்தது என்றால் ‘மூடவில்லை’. சொற்கள் ஒன்றிரண்டு பாக்கி இருந்ததால் துறைத்தலைவருக்குக் கொடுத்ததில் ‘மூடவில்லை’ என்று எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சிடி என் மேசைக்கு வந்தது. மேலே பளபளவென்று ஒரு காகித லேபிள். நூலின் தலைப்பு, அதற்குக் கீழே ஆசிரியர் என்று துறைத்தலைவரின் பெயர், பட்டங்களோடு. போட்டதும் என் டிரைவ் கிர்ரென்று அதிர்ந்தது. லேபிளை ஒரு பக்கமாகக் கோணலாக ஒட்டியிருந்தார். சுற்றும்போது பாரம் ஒரு பக்கம் இழுத்தது. வெளியே எடுத்து லேபிளின் ஓரத்தை நகத்தால் உரித்தேன். உள்ளே கறுப்பு மார்க்கர் தெரிந்தது. ‘மூடவி’ வரை உரித்ததும் போதும் என்று நிறுத்திவிட்டேன். அந்தக் கையெழுத்தைப் பதினோரு வருடமாகச் சுவரில் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். எழுதிய பகுதியின் நிறம் கொஞ்சம் கறுத்திருக்கும். இதில் இரண்டு வளையங்கள், நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அதாவது இரண்டு செஷன்கள், இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள். சிடி உள்ளேயிருந்து வெளியே எழுதிக்கொண்டு போகும். உள்வளையம் முதலில் எழுதியது, வெளிவளையம் பிறகு எழுதியது. இதை யாரும் மாற்ற முடியாது.

துறைத்தலைவர் செய்தது இதுதான். அவளுடைய கோப்பைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, உதாரணங்களை வெட்டி, தன் பெயரைச் சேர்த்து, அதே சிடியில் இடம் இருக்கிறதே என்று திரும்ப எழுதியிருக்கிறார். எழுதும்போது பழைய செஷனை இழுத்துச் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்படிச் செய்தால் சாதாரணமாகத் திறக்கும்போது புதியது மட்டும்தான் தெரியும். பழையது ஒழிந்தது என்று மனிதர் நிம்மதியாக லேபிள் ஒட்டிவிட்டார். என்னிடம் செஷன்களைத் தனித்தனியாகத் திறக்கும் மென்பொருள் இருந்தது. முதல் செஷனைத் திறந்தேன்.

எண்பத்தாறு சொற்களும் அப்படியே இருந்தன, திட்டுகளோடு.

‘பஃபர் அண்டர்ரன்: ரைட்டர் எழுத எழுத, கம்ப்யூட்டர் தகவலை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊட்டும் கை ஒரு நொடி நின்றாலும் எழுத்து அறுந்து சிடி பாழாகும். எங்கே பார்க்கலாம்: முதல்வரின் உரை. காகிதத்தைத் திருப்பும்போதெல்லாம் பேச்சு அறுந்துவிடும். ரைட்டர் என்றால் கழற்றி வேறு மாட்டலாம்.’

‘இமேஜ்: ஒரு சிடியில் உள்ளதை அப்படியே பிரதியெடுத்த ஒற்றைக் கோப்பு. தனக்கென்று அதில் ஒன்றும் கிடையாது. எங்கே பார்க்கலாம்: துறைத்தலைவர்.’ இதைப் படித்த பிறகும் மனிதர் திருடியிருக்கிறார்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஓவர்பர்ன், லீட்-இன், லீட்-அவுட் என்று அடுத்தடுத்த சொற்களுக்கும் சிரித்துக்கொண்டே வந்தவள் எழுபத்தொன்பதாவது சொல்லில் நின்றேன்.

‘வெரிஃபை: எழுதி முடித்ததை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. நேரமாகும் என்று பலர் இதைத் தவிர்ப்பார்கள். எங்கே பார்க்கலாம்: அச்சறையில் பார்க்க முடியாது. அங்கே எது வந்தாலும் அப்படியே அச்சாகும். யாருடையது என்று கேட்கமாட்டார்கள்.’

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. பதினோரு வருடம் சுவரில் தொங்கவிட்டது போதாதென்று புத்தகத்திலும் தொங்கவிடப் பார்க்கிறாளா? அவளுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். மென்பொருளை மூடினேன். இரண்டாவது செஷனை எடுத்துப் பக்கம் அமைக்க உட்கார்ந்தேன். ஒன்பது நாள் அமைத்தேன். அட்டையில் துறைத்தலைவர் பெயரைப் பெரிதாக, தங்க நிறத்தில் போட்டேன். அவள் என்னைப் பற்றி எழுதியதை வரி பிசகாமல் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அந்த ஒன்பது நாளும் என் மண்டையில் ஏறவே இல்லை.

பத்தாம் நாள், காயவைத்திருந்த அட்டைகளை அவளே பார்த்துவிட்டாள். பிரிண்டர் மை வாங்க வந்தவள், மை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஓர் அட்டையை எடுத்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

“இது எந்தச் சிடியிலேர்ந்து வந்துச்சு?” என்றாள். குரல் கம்மியிருந்தது.

இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினேன். பாதி உரிந்த லேபிளைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பழைய குரல் திரும்பியது.

“சிடி மேல போய் எவனாவது பேப்பர் ஒட்டுவானா? அறிவு வேணாம்?”

“உள்ள உங்களோடதும் இருக்கு,” என்றேன். “முதல் செஷன். முழுசா இருக்கு.”

“எப்போ பார்த்தீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். “ஒன்பது நாளாச்சு,” என்றேன். “எழுபத்தொன்பதாவதைப் படிச்சேன். அந்தக் கோவத்துல…”

“உஷ்,” என்றாள்.

அட்டையை எடுத்துக்கொண்டு நேராக முதல்வர் அறைக்குப் போனாள். அரை மணி நேரத்தில் நிலையம் முழுவதும் செய்தி பரவிவிட்டது. ‘உஷ் மேடத்துக்கும் துறைத்தலைவருக்கும் கைகலப்பு’ என்று கேன்டீனில் சொன்னார்களாம். கைகலப்பு இல்லை, வாய்கலப்புதான். தான் எழுதியதைத் தட்டச்சு செய்த உதவியாளர் இப்போது உரிமை கொண்டாடுகிறாள் என்று துறைத்தலைவர் சாதித்துவிட்டார். அவளிடம் இருந்த கோப்புகளைக் காட்டினாளாம். கம்ப்யூட்டரில் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றாராம். மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை.

ஒன்பதரைக்கே துறைத்தலைவர் என்னிடம் வந்தார். “அந்தச் சிடியைக் குடுங்கம்மா. சின்னதா ஒரு திருத்தம் இருக்கு.”

“அது யாரோட சிடி சார்?” என்றேன்.

என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததில் எனக்கே ஆச்சரியம். அவர் முகம் தொங்கிவிட்டது. “என்ன கேள்வி இது? லேபிளைப் பாருங்க,” என்றார்.

“லேபிளுக்குக் கீழயும் பார்த்தேன் சார்,” என்று சொல்லிவிட்டு சிடியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். வராந்தாவில் ‘உஷ்’ நின்றிருந்தாள். அவளை ஓரமாக இழுத்தேன்.

“இதைத் திறந்தா உதாரணம் எல்லாம் வெளிய வரும். முதல்வரோடதும் வரும். நேர்காணல்ல நடுவுல உக்காரப் போறது அவர்தான். யோசிச்சுக்குங்க.”

அவள் யோசித்தாள். நான் பார்த்தேன், உண்மையாகவே யோசித்தாள்.

“தப்பா எதுவும் எழுதலையே,” என்றாள். “திறங்க.”

முதல்வர் மேசையில் சிடியைத் திருப்பிப் பிடித்து இரண்டு வளையத்தையும் காட்டினேன். உள்ளே இருப்பதுதான் முதலில் எழுதியது, பின்னால் போய் யாரும் உள்ளே எழுத முடியாது என்று விளக்கினேன்.

“சரி, உள்ளே இருக்கிறது என்ன?” என்று முதல்வர் துறைத்தலைவரைக் கேட்டார்.

துறைத்தலைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டென்று முகம் தெளிந்தது. “அதுவும் என்னோடதுதான் சார். என்னோட முதல் வரைவு. திருத்தினதை வெளிவளையத்துல போட்டேன். பழசு இனிமே திறக்காது சார்.”

“முழுக்க நீங்க எழுதினதுதானா?”

“ஒவ்வொரு வரியும் சார்.”

“திறக்கும் சார்,” என்றேன் நான். “பழைய செஷன் கண்ணுக்குத் தெரியாமப் போகும், அழியாதுன்னு அவர் புத்தகத்துலயே முப்பத்தோராம் பக்கத்துல இருக்கு. நான்தான் பக்கம் அமைச்சேன்.”

துறைத்தலைவர் தன் புத்தகத்தை முழுதாகப் படித்ததில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. முதல்வரின் கம்ப்யூட்டரிலேயே திறந்து கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார். அகர வரிசையில் இல்லாமல், எழுத எழுத வந்த வரிசையில் இருந்ததால், நான்காவதே பஃபர் அண்டர்ரன். “எங்கே பார்க்கலாம், முதல்வரின் உரை, காகிதத்தைத் திருப்பும்போதெல்லாம்…” என்று படித்தவர், திரையைக் கீழே நகர்த்தும்போது பேச்சு அறுந்து நின்றார்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. பயத்தில் அதை விழுங்கினேன்.

“ஒவ்வொரு வரியும் நீங்க எழுதினதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?” என்றார் முதல்வர்.

துறைத்தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. “ஐயோ, இதை நான் எழுதல சார். இதெல்லாம் இந்தம்மா எழுதினது.”

முதல்வர் திரையை இன்னும் கீழே நகர்த்தினார். “இமேஜ்ல உங்களைப் பத்தியும் இருக்கு. அது?”

“அதுவும் இவங்கதான் சார்.”

“அப்போ இதுல உங்களோடது எது?”

‘உஷ்’ அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பேசினாள்: “லேபிள் சார். லேபிள் அவரோடதுதான்.”

புத்தகத்தில் அவள் பெயர் போடும்படி முதல்வர் அன்றே எழுதிக் கொடுத்தார். அதே பேனாவால், மேலதிகாரியை எழுத்தில் இழிவுபடுத்தியதற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு மெமோவும் எழுதினார். துறைத்தலைவர் வேறு கிளைக்கு மாறிப்போனார். அடுத்த மாதம் நேர்காணல் நடந்தது. நடுவில் முதல்வர் உட்கார்ந்திருந்தார். பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. ‘உஷ்’ உதவியாளராகவே பின்னறைக்குத் திரும்பினாள். இன்றைக்கும் அதே பலகைதான்.

இதில் என் பங்கு என்ன என்று எனக்குத் தெரியும். முதல் நாளே சிடியை எடுத்துக்கொண்டு அவளிடம் போயிருந்தால், அவள் அதைத் துறைத்தலைவரிடம் தனியாகக் காட்டியிருப்பாள். பயந்துபோய்ப் பெயரை விட்டுக்கொடுத்திருப்பார். முதல்வரின் காதுக்கு ஓர் உதாரணமும் போயிருக்காது. பெயரும் கிடைத்திருக்கும், பதவியும் கிடைத்திருக்கும். ஒன்பது நாள் நான் கோபித்துக்கொண்டு உட்கார்ந்ததில் அவளுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. இதை நினைத்தால் என் மேலேயே வெறுப்பு வருகிறது. அவள் மேலும்தான் வருகிறது, இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வார்த்தை திட்டவில்லையே என்று.

நேர்காணல் முடிந்த வாரம் திருத்திய பிரதியை எடுத்துக்கொண்டு அச்சறைக்கு வந்தாள். கூடவே ஒரு கட்டுக் காகிதத்தில் அதே உள்ளடக்கம், மூலம் என்று தலைப்பிட்டு. முதல்வர், துணை முதல்வர் உதாரணங்களை மெமோவுக்குக் கட்டுப்பட்டு எடுத்திருந்தாள். மற்றவை அப்படியே இருந்தன. அவள் போனதும் எழுபத்தொன்பதைத் தேடினேன். ஒரு வார்த்தையாவது மாற்றியிருப்பாள் என்று ஆசைப்பட்டேன். ‘ஒருமுறை கேட்டார்கள்’ என்றாவது கடைசியில் சேர்த்திருக்கக் கூடாதா? சேர்க்கவில்லை. ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை.

நான் தொட்டிருக்கலாம். பக்கம் என் கையில் இருந்தது, அந்த இரண்டு வரி போனால் யாரும் தேடப் போவதில்லை. மூலத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கை விரலை எழுத்துக்குக் கீழே வைத்து நகர்த்தி, எண்பத்தாறு சொற்களையும் ஒப்பிட்டேன். மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் காலை வாசலில் வந்து நின்றாள்.

“சரிபார்த்தீங்களா?”

“பார்த்தேன். பன்னிரண்டாம் பக்கத்துல ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, போட்டுட்டேன்.”

“எழுபத்தொன்பது?”

“அதுல பிழை ஒண்ணும் இல்ல,” என்றேன். அச்சுக்கு அனுப்பினேன்.